உலகச் செய்திப் பக்கத்தில் இஸ்லாம்: ஆள் யாரென்று தெரியும் முன்பே மதம் தெரிந்துவிடுவது எப்படி?

#1 வரிக்குவரி

ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் சமாச்சாரம். பத்திரிகைத் துறையில் இருப்பவர்கள் இங்கே சிலர் உண்டு என்பதால் கேட்கிறேன்.

2011 ஜூலை 22, நார்வே. ஆஸ்லோவில் அரசு அலுவலகங்களுக்கு வெளியே வேனில் வைத்த குண்டு வெடித்து 8 பேர் இறந்தார்கள். அன்றே உத்தோயா தீவில், ஆளுங்கட்சியின் இளைஞர் முகாமுக்குள் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்து 69 பேரைக் கொன்றான். மறுநாள் வந்த பிரிட்டனின் 'தி சன்' நாளிதழின் முதல் பதிப்பில், முதல் பக்கத் தலைப்பு: 'அல்-கய்தா' படுகொலை, நார்வேயின் 9/11.

எனக்கு அந்தத் தலைப்பில் மறக்காமல் நிற்பது எழுத்து இல்லை, குறி. அல்-கய்தா என்ற சொல்லுக்கு மட்டும் ஒற்றை மேற்கோள் குறி போட்டிருந்தார்கள். எங்களுக்கு உறுதியாகத் தெரியாது, ஆனாலும் நீங்கள் அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும் குறி அது. நாளை தப்பாகிப் போனால் நழுவிக்கொள்ள ஒரு சந்து.

பிடிபட்டவன் நார்வேக்காரன். முஸ்லிம்கள் ஐரோப்பாவைப் பிடிக்க வருகிறார்கள் என்று ஏறத்தாழ 1,500 பக்கத்துக்கு எழுதி வைத்திருந்தவன். 1995 ஏப்ரலில் ஒக்லஹோமா நகரில் 168 பேர் இறந்த குண்டுவெடிப்பிலும் இதே கதைதான். முதல் இரண்டு நாள் 'மத்தியக் கிழக்கு' என்றே பேச்சு ஓடியது. கைதானவன் அமெரிக்க ராணுவத்தில் இருந்த அமெரிக்கன். பதினாறு வருட இடைவெளி, ஊகம் மட்டும் அப்படியே இருக்கிறது.

இது வெறுப்பா, பழக்கமா, வியாபாரமா? உள்ளே இருப்பவர்கள் சொல்லுங்கள்.

#2 இரவுஷிப்ட்

உலகச் செய்தி டெஸ்க்கில் பதினெட்டு வருடம் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். வெறுப்போடு எழுதுபவர்களைப் பார்த்திருக்கிறேன், ஆனால் அவர்கள் குறைவு. அவசரத்தில் எழுதுபவர்கள்தான் நிறைய, அந்த நிறையப் பேரில் நானும் ஒருவன்.

ஒரு ஊரில் குண்டு வெடிக்கிறது. செய்தி ஏஜென்சியிலிருந்து முதலில் வருவது ஒரே ஒரு வரி. பத்து நிமிடத்தில் இரண்டு பத்தி. எத்தனை பேர் இறந்தார்கள் என்பதே மணிக்கொருமுறை மாறும். ஆனால் பக்கத்தில் முக்கால்வாசி இடம் அதற்கென்று ஒதுக்கியாகிவிட்டது. தகவல் இல்லாத அந்த இடத்தை எதைப் போட்டு நிரப்புவது? 'பின்னணி' என்று ஒரு பெட்டிச் செய்தி. போன தடவை எங்கே வெடித்தது, யார் வைத்தார்கள் என்ற பட்டியல். அப்புறம், பெயரே தெரியாத ஒரு 'பாதுகாப்பு நிபுணர்'. நார்வே விஷயத்தில் நடந்ததும் இதுதான் என்று நினைக்கிறேன். பக்கத்து நாடான டென்மார்க்கில் 2005-ல் நபிகள் பற்றிய கேலிச்சித்திர விவகாரம், ஆப்கானிஸ்தானில் நார்வே படைகள் என்று பின்னணிப் பெட்டி தயாராகவே இருந்தது. பின்னணிதான் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி வந்து தலைப்பாகிறது.

தமிழ் டெஸ்க்குக்கு இன்னொரு சிக்கல் உண்டு, அதை வெளியே யாரும் பேசிக் கேட்டதில்லை. ஆங்கிலக் காப்பியில், அதாவது ஏஜென்சி அனுப்பும் செய்தியில், மூன்று சொற்கள் வரும்: முஸ்லிம், இஸ்லாமிக், இஸ்லாமிஸ்ட். முதலாவது ஆளைக் குறிக்கிறது, இரண்டாவது மதம் சார்ந்ததை. மூன்றாவது ஓர் அரசியல் போக்கு, மதச் சட்டப்படி ஆட்சி நடக்க வேண்டும் என்பவர்கள். அந்த மூன்றாவதையும் ஆயுதம் தூக்கியவர்களுக்கெல்லாம் பொதுப்பெயராகப் போடாதீர்கள் என்று ஏ.பி. செய்தி நிறுவனம் 2013 ஏப்ரலில் தன் நடைக் கையேட்டையே திருத்தியது.

இப்போது தமிழுக்கு வாருங்கள். மூன்றுக்கும் நாம் போடுவது ஒரே சொல், 'இஸ்லாமிய'. அதோடு, தமிழில் 'இஸ்லாமியர்' என்பது மரியாதையாக முஸ்லிம்களைச் சொல்லும் சொல். ஆகவே 'இஸ்லாமிய தீவிரவாதிகள் தாக்குதல்' என்று தலைப்பு வைக்கும்போது, ஏஜென்சிக்காரன் கவனமாகப் பிரித்துக் கொடுத்ததை நாம் ஒரே உருண்டையாகப் பிடித்துப் பரிமாறிவிடுகிறோம். 'இஸ்லாமியவாத' என்று ஒரு சொல் இருக்கிறது. நான் இரண்டு தடவை போட்டேன். இரண்டு தடவையும் பிழைதிருத்துபவர் 'வாத'வை அடித்துவிட்டார், அச்சுப்பிழை என்று நினைத்து.

#3 நேர்கேள்வி

கட்டுரைகள் நன்றாக இருக்கின்றன. ஆனால் எல்லாரும் ஒரு விஷயத்தைத் தாண்டிப் போகிறீர்கள். அடைமொழியைப் பத்திரிகையா கொடுத்தது? கொலை செய்தவனே மதத்தின் பெயரைச் சொல்லித்தான் செய்கிறான். வீடியோ போடுகிறான், வசனம் ஓதுகிறான், கொடி வைத்திருக்கிறான். 'இஸ்லாமிய அரசு' (ஐ.எஸ்.) என்று ஓர் அமைப்பு தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்டால், அதை எழுதும் நிருபர் என்ன செய்வார்?

ஊகம் எப்போதும் ஒரே பக்கம்தான் சாயும் என்பதும் உண்மை இல்லை. 2004 மார்ச் 11, மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்புகள். ஸ்பெயின் அரசு உடனே கை காட்டியது பாஸ்க் பிரிவினை அமைப்பான ஈ.டி.ஏ.வை. 'எல் பாயிஸ்' நாளிதழ் அவசரச் சிறப்புப் பதிப்பில் 'மாட்ரிட்டில் ஈ.டி.ஏ. படுகொலை' என்றே தலைப்புப் போட்டது. பிறகு தெரிந்தது அல்-கய்தாவைப் பின்பற்றிய கும்பல் என்று. அங்கே முஸ்லிம்கள் மீது பழி விழவில்லையே?

இன்னொன்றும் உண்டு. 2013-ல் 'டைம்' இதழ் மியான்மர் பிக்கு ஒருவர் படத்தை அட்டையில் போட்டு 'பௌத்த பயங்கரவாதத்தின் முகம்' என்று எழுதியது. மியான்மரும் இலங்கையும் அந்த இதழைத் தடை செய்தன. மதத்தை அடைமொழியாக்குவது இஸ்லாத்துக்கு மட்டும் நடப்பதில்லை.

#4 வரிக்குவரி

மாட்ரிட் நல்ல உதாரணம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் பத்திரிகையின் ஊகத்துக்குப் பின்னால் பிரதமரே தொலைபேசியில் ஆசிரியரைக் கூப்பிட்டுச் சொன்ன கதை இருக்கிறது. மூன்று நாளில் தேர்தல். ஈ.டி.ஏ. என்றால் அரசுக்கு லாபம், ஈராக் போருக்குப் பழிவாங்கல் என்றால் நஷ்டம். அரசு சொன்னதை அப்படியே போட்ட தவறு அது. நார்வேயில் அரசு ஒன்றும் சொல்லவில்லை, சன் தானாகவே போட்டது.

பௌத்த பயங்கரவாதம் என்ற அட்டையை நீங்கள் இன்றுவரை ஞாபகம் வைத்திருக்கிறீர்கள் பாருங்கள், அதற்குக் காரணம் அது அபூர்வம் என்பதுதான். இஸ்லாமிய பயங்கரவாதம் என்று தலைப்பு வந்த தேதி ஏதாவது ஞாபகம் இருக்கிறதா?

#5 எண்கணக்கு

ஞாபகத்தை வைத்துச் சண்டை போட வேண்டாம், எண்ணிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

அமெரிக்காவில் 2006 முதல் 2015 வரை நடந்த 136 பயங்கரவாதச் சம்பவங்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை செய்தி வந்தது என்று மூன்று ஆய்வாளர்கள் எண்ணினார்கள். எரின் கியர்ன்ஸ் என்பவரின் குழு, 2019-ல் வெளியானது. இறந்தவர் எண்ணிக்கை, இலக்கு என்ன, ஆள் பிடிபட்டாரா என்பதையெல்லாம் கணக்கில் கொண்ட பிறகும், குற்றவாளி முஸ்லிமாக இருந்தால் சராசரியாக 357 சதவீதம் கூடுதல் செய்தி. அதாவது மற்றவனுக்கு 2 செய்தி என்றால் இவனுக்கு 9.

இன்னொன்று தொனியைப் பற்றியது. எரிக் ப்ளைக், மாரிட்ஸ் வான் டெர் வீன் இருவரும் 17 அமெரிக்க நாளிதழ்களில் 1996 முதல் 2016 வரை முஸ்லிம் அல்லது இஸ்லாம் என்ற சொல் வந்த 2,56,963 கட்டுரைகளைக் கணினியில் ஓட்டினார்கள். 80 சதவீதம் எதிர்மறை. கத்தோலிக்கர், யூதர், இந்துக்கள் பற்றிய கட்டுரைகளையும் இதே தராசில் போட்டுப் பார்த்தார்கள். அவற்றில் நல்லதும் கெட்டதும் கிட்டத்தட்டப் பாதிப்பாதி.

#6 நேர்கேள்வி

> 80 சதவீதம் எதிர்மறை

இருக்கத்தான் செய்யும். அந்த 20 வருடத்தில் ஆப்கானிஸ்தான், ஈராக், சிரியா, லிபியா, ஏமன். போர் நடக்கும் நாட்டுச் செய்தியில் 'குண்டு', 'மரணம்', 'அகதி' என்று வராமல் வேறென்ன வரும்? இது சொல் எண்ணும் கணினியின் கோளாறு, பத்திரிகையின் கோளாறு இல்லை.

#7 எண்கணக்கு

பாதி சரி. வெளிநாட்டு மோதல் செய்திகள்தான் எதிர்மறையை ரொம்ப இழுக்கின்றன என்று அவர்களே சொல்கிறார்கள். ஆனால் பயங்கரவாதம், தீவிரவாதம் பக்கமே போகாத கட்டுரைகளைத் தனியாகப் பிரித்துப் பார்த்தாலும் சாய்வு மறையவில்லை.

இதில் உங்கள் வாதத்துக்கு உதவும் ஒன்றையும் நானே எடுத்துக் கொடுக்கிறேன். யோஹான் கால்டுங், மாரி ரூகே இருவரும் 1965-லேயே, காங்கோ, கியூபா, சைப்ரஸ் நெருக்கடிகளை நார்வே நாளிதழ்கள் எப்படி எழுதின என்று ஆராய்ந்தார்கள். பண்பாட்டில் தூரமாக இருக்கும் நாடு செய்தியாக வேண்டுமென்றால் அங்கே கெட்டது நடக்க வேண்டும் என்பது அவர்கள் கண்டதில் ஒன்று. அது இஸ்லாத்துக்கென்று செய்த விதி இல்லை, தூரத்துக்கான விதி. அப்போது இஸ்லாம் பேச்சிலேயே இல்லை.

ஆனால் இந்தோனேசியாவில் தேர்தல் அமைதியாக நடந்தால் ஒரு காலம் (பக்கத்தில் ஒரு பத்தி அகலம்), எரிமலை வெடித்தால் இரண்டு காலம், குண்டு வெடித்தால் எட்டுக் காலம் என்று வருடக்கணக்காகப் போட்டால், வாசகன் மனதில் அந்த நாடு என்னவாக நிற்கும்? ஒரு செய்தியிலும் பொய் இல்லை என்று வைத்துக்கொண்டே யோசியுங்கள்.

#8 மைமூன்

எழுத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். படத்தைப் பற்றி யாராவது பேசுங்களேன்.

ஒரு நாளிதழில் (பெயர் வேண்டாம்) வட்டியில்லா வங்கி முறை வெளிநாடுகளில் வளர்வதைப் பற்றி நல்ல கட்டுரை வந்தது. எழுதியவர் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தார். கூட வந்த படம் என்ன தெரியுமா? தொழுகையில் குனிந்திருக்கும் ஆண்களின் முதுகுகள். நூறு முதுகு, ஒரு முகம் கிடையாது. அடுத்த மாதம் ஐரோப்பாவில் குடியேற்றம் பற்றிய செய்திக்கும் அதே படம். பிறகு ஒரு குண்டுவெடிப்பின் 'பின்னணி'ப் பெட்டிக்கும் அதே. கடிதம் எழுதினேன். 'அது கோப்புப் படம்தான், குறிப்பிட்ட யாரையும் சுட்டவில்லை' என்று இரண்டு வரிப் பதில் வந்தது. குறிப்பிட்ட யாரையும் சுட்டவில்லை என்பதுதானே என் புகாரே.

பெண் என்றால் கண் மட்டும் தெரியும் கறுப்புத் துணி. அதை அணிபவர்கள் இருக்கிறார்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் உலக முஸ்லிம்களில் 60 சதவீதத்துக்கு மேல் ஆசியா, பசிபிக் பகுதியில் இருக்கிறார்கள். மத்தியக் கிழக்கிலும் வட ஆப்பிரிக்காவிலும் ஐந்தில் ஒருவர்தான். பாகிஸ்தானில் பேநசீர் பூட்டோ 1988-ல் பிரதமர், வங்கதேசத்தில் காலிதா ஜியா 1991-ல், துருக்கியில் தான்சு சில்லர் 1993-ல், இந்தோனேசியாவில் மேகாவதி 2001-ல் அதிபர். இவர்கள் படமெல்லாம் அரசியல் செய்திக்குப் போய்விடும். 'இஸ்லாத்தில் பெண்கள்' என்று தலைப்பு வரும்போது அந்தக் கறுப்புத் துணி திரும்ப வந்துவிடும்.

#9 ஓரக்கண்

கீழே 'கோப்புப் படம்' என்று சின்னதாகப் போட்டால் பாவமெல்லாம் போய்விடும் என்பது எங்கள் துறையின் ஐதீகம் அக்கா.

#10 சொல்வேட்டை

இரவுஷிப்ட் அண்ணன் 'இஸ்லாமிய' பற்றிச் சொன்னதிலிருந்து பிடித்துக்கொள்கிறேன்.

'ஃபத்வா' என்றதும் தமிழ் வாசகர் மனதில் என்ன ஓடும்? மரண தண்டனை. 1989-ல் எழுத்தாளர் சல்மான் ருஷ்டிக்கு எதிராக ஈரான் தலைவர் கொமெய்னி விடுத்ததிலிருந்து பத்திரிகைகளில் அந்தச் சொல்லுக்கு அந்த ஒரே பொருள். உண்மையில் ஃபத்வா என்பது மார்க்க அறிஞரிடம் ஒருவர் கேட்ட கேள்விக்கு அவர் தரும் சட்டக் கருத்து. நோன்பு வைத்திருக்கும்போது ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டால் அதற்கு வரும் பதிலும் ஃபத்வாதான். 'மதரஸா' என்றால் அரபியில் வெறும் பள்ளிக்கூடம். 'அல்லாஹ்' என்பது அரபு பேசும் கிறிஸ்தவர்களும் இறைவனைச் சொல்லும் சொல், அவர்களுடைய பைபிளிலேயே இருக்கிறது. ஆனால் செய்தியில் 'அல்லாஹு அக்பர்' எங்கே வருகிறது? தாக்குதல் செய்தியின் இரண்டாம் பத்தியில், மொழிபெயர்க்காமல், ஒரு சத்தம் மாதிரி. மற்ற எல்லாப் பிறமொழி வாசகங்களையும் தமிழாக்கிப் போடும் டெஸ்க் இதை மட்டும் அப்படியே விடுவது ஏன் என்று யோசித்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும்.

'மதகுரு' இன்னொரு கூத்து. ஈரானின் உச்சத் தலைவரான ஆயத்துல்லாவும் மதகுரு, எகிப்தின் முஃப்தியும் மதகுரு, ஒரு சின்னப் பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் இமாமும் மதகுரு. முதலாமவர் ஒரு நாட்டையே நடத்துகிறார், மூன்றாமவருக்கு நிர்வாகக் குழு சம்பளம் கொடுக்கிறது. 'மதகுரு எச்சரிக்கை' என்று தலைப்பு வந்தால் யார் யாரை எச்சரித்தார் என்று வாசகருக்கு எப்படித் தெரியும்?

அப்புறம் அந்தப் படிக்கட்டு: போராளி, கிளர்ச்சியாளர், ஆயுதக்குழு, தீவிரவாதி, பயங்கரவாதி. எந்தப் படியில் யாரை நிறுத்துவது என்பது ஒரு முழு அரசியல் முடிவு. ராய்ட்டர்ஸும் பி.பி.சி.யும் பயங்கரவாதி என்ற சொல்லைத் தங்கள் வாயால் சொல்வதில்லை, யாராவது சொன்னால் சொன்னவர் பெயரோடு போடுகிறார்கள். அதற்காக இரண்டும் திட்டு வாங்கியிருக்கின்றன. நாம் இந்த வேலையே வைத்துக்கொள்வதில்லை. காலத்தின் அகலத்துக்கு எது அடங்குகிறதோ அது.

#11 மட்டுறுத்துநர்

இரண்டு பதிவுகளை எடுத்திருக்கிறேன். ஒன்று ஒரு மதத்தை மொத்தமாகத் திட்டியது, மற்றது நேர்கேள்வியைத் திட்டியது. அவர் கேட்பது கேள்விதான், பதில் இருந்தால் சொல்லுங்கள்.

#12 வரிக்குவரி

நன்றி. கருத்துக்கணிப்புச் செய்தி ஒன்றைக் கொஞ்சம் பிரித்துக் காட்டுகிறேன், பொய் சொல்லாமலே எப்படி ஏமாற்றலாம் என்பதற்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குக் கிடைக்கவில்லை. மறுபடியும் சன்தான், என்ன செய்வது, அவர்கள்தான் உதாரணங்களைத் தாராளமாகத் தருகிறார்கள்.

2015 நவம்பர், பாரிஸ் தாக்குதல்கள் நடந்த பத்தாம் நாள். முதல் பக்கம்: 'பிரிட்டிஷ் முஸ்லிம்களில் ஐந்தில் ஒருவருக்கு ஜிகாதிகள் மீது அனுதாபம்'. கூடவே கத்தியோடு நிற்கும் முகமூடிக்காரன் படம்.

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: சிரியாவில் போராடுபவர்களோடு சேர பிரிட்டனை விட்டுப் போகும் இளம் முஸ்லிம்கள் மீது உங்களுக்கு அனுதாபம் உண்டா? நிறைய, கொஞ்சம், இல்லை. இதில் ஐ.எஸ். என்ற சொல் இல்லை. ஜிகாதி இல்லை. சிரியாவில் அப்போது அதிபர் அசாத்துக்கு எதிராகவும் ஆள் போனார்கள், ஐ.எஸ்.ஸுக்கு எதிராக குர்துகளோடு சேரவும் போனார்கள். அனுதாபம் என்றால் ஆதரவா, 'ஐயோ பாவம், புத்தி கெட்டுப் போகிறானே' என்ற பரிதாபமா என்பதும் தெரியாது. பையனைப் பறிகொடுத்த ஒரு தாயைப் பார்த்து 'எனக்கும் மனசு கேட்கவில்லை' என்று சொன்னவரும் அந்தக் கணக்கில் ஏறுவார். 'நிறைய' என்றவர்கள் 5 சதவீதம்தான். 'கொஞ்சம்' என்றவர்களையும் அதோடு கூட்டினால்தான் ஐந்தில் ஒருவர். 71 சதவீதம் பேர் இல்லை என்றுதான் சொன்னார்கள்.

பிரிட்டனின் பத்திரிகை ஒழுங்குமுறை அமைப்பான இப்ஸோ, அந்தச் செய்தி கணிசமாகத் திசைதிருப்புவது என்று தீர்ப்புச் சொன்னது 2016 மார்ச்சில். நாலு மாதம் கழித்து. அதற்குள் அந்த 'ஐந்தில் ஒருவர்' எத்தனை நாட்டுப் பத்திரிகைகளுக்குள் மொழிபெயர்ந்து போய் உட்கார்ந்திருக்கும்?

#13 நேர்கேள்வி

சரி, இதற்கு என்னிடம் பதில் இல்லை. கேள்வியும் தலைப்பும் வேறு வேறாக இருந்தால் அது மோசடிதான்.

#14 இரவுஷிப்ட்

தலைப்பில் சொல் எது என்பதைப் போலவே, வினையைச் செய்தவர் யார் என்பதும் முக்கியம். பழைய கதை ஒன்று, எங்கள் மூத்தவர் புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் சொல்வார்.

1983 செப்டம்பரில் சோவியத் போர் விமானம் தென்கொரியப் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியது, 269 பேர். 1988 ஜூலையில் அமெரிக்கப் போர்க்கப்பல் வின்சென்ஸ் ஈரானியப் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியது, 290 பேர். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே செயல். ராபர்ட் என்ட்மன் என்ற ஆய்வாளர் இரண்டுக்கும் அமெரிக்க ஊடகங்கள் எழுதியதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முன்னது 'தாக்குதல்', 'கொலை', ஒழுக்கக்கேடு. பின்னது 'சோகம்', 'தவறு', தொழில்நுட்பக் கோளாறு. முன்னதில் கேள்வி 'இப்படியும் செய்வார்களா?' பின்னதில் கேள்வி 'ராடாரில் என்ன தெரிந்தது?'

தமிழில் இந்த வித்தையைச் செய்வது ரொம்பச் சுலபம். 'விமானம் வீழ்ந்தது, 290 பேர் பலி.' எழுவாயே வேண்டாம். 'பலி' என்ற ஒரு சொல் இருக்கிறதே, எங்கள் டெஸ்க்கின் காமதேனு. யார் கொன்றார் என்று சொல்லாமலே தலைப்பை முடித்துவிடலாம். எந்தச் செய்தியில் எழுவாய் வருகிறது, எதில் வருவதில்லை என்று ஒரு மாதம் எண்ணிப் பாருங்கள். குண்டு வைத்தவன் முஸ்லிம் என்றால் எழுவாய் முன்னால் நிற்கும். குண்டு விமானத்திலிருந்து விழுந்திருந்தால் 'வான்வழித் தாக்குதலில் 30 பேர் பலி'. விமானம் யாருடையது என்று ஐந்தாம் பத்தியில் தேட வேண்டும்.

2015 நவம்பர் 12 அன்று லெபனானின் பெய்ரூட்டில் இரட்டைத் தற்கொலைத் தாக்குதல், 40 பேருக்கு மேல் இறந்தார்கள். வைத்தது ஐ.எஸ். மறுநாள் பாரிஸில் 130 பேர். அதையும் செய்தது ஐ.எஸ். பாரிஸில் செத்தவர்கள் இசை கேட்கப் போனவர்கள், காபி குடிக்க உட்கார்ந்தவர்கள், பெயரும் வயதும் உள்ளவர்கள். பெய்ரூட்டில் செத்தவர்கள் 'ஹிஸ்புல்லா கோட்டை'யில் செத்தார்கள். ஹிஸ்புல்லா அந்நாட்டு ஷியா ஆயுத அமைப்பு, பல பத்திரிகைகளில் அந்தப் பகுதிக்கு அதுதான் அடைமொழி. கடைவீதியில் சாயங்காலம் நடந்துகொண்டிருந்தவர்களைக் கோட்டைக்குள் இருந்தவர்களாக மாற்ற ஒரே ஒரு சொல் போதுமாக இருந்தது. அன்று நானும் அப்படித்தான் போட்டேன். ஏஜென்சிக் காப்பியில் இருந்தது, எடுத்துப் போட்டேன்.

#15 எண்கணக்கு

இதன் மறுபக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2019 மார்ச் 15, நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் இரண்டு பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்றவனைப் பற்றி 'டெய்லி மிரர்' முதல் பக்கத்தில் போட்டது அவனுடைய குழந்தைப் பருவப் படம். பொன்னிறத் தலைமுடிப் பையன், அப்பா தூக்கி வைத்திருக்கிறார். 'தேவதை போன்ற சிறுவன்' கொலைகாரனாக வளர்ந்த கதை என்று தலைப்பு. 'தீவிர வலதுசாரி' என்ற சொல்லும் தலைப்பிலேயே இருந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் முஸ்லிம் குற்றவாளி யாருக்காவது அவன் அப்பா மடியில் இருந்த படம் முதல் பக்கத்தில் வந்து நான் பார்த்ததில்லை. அவர்களும் குழந்தையாகத்தான் பிறந்திருப்பார்கள்.

நியூசிலாந்துப் பிரதமர் ஜெசிந்தா ஆர்டர்ன் அவன் பெயரையே உச்சரிக்க மாட்டேன் என்று நாடாளுமன்றத்தில் சொன்னார்.

#16 நேர்கேள்வி

நான் வேறொன்று சொல்ல வேண்டும், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இப்படியே ஒவ்வொரு சொல்லாகக் கழித்துக்கொண்டே போனால் கடைசியில் என்ன மிஞ்சும்? ஐ.எஸ். கொன்றவர்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள்தான். ஈரானில் 2022 செப்டம்பரில் மஹ்சா அமினி காவலில் இறந்ததற்குக் காரணம் தலைத்துணி பற்றிய சட்டம். அது மதத்தின் பெயரால் எழுதிய சட்டம். அதில் மதத்தைக் குறிப்பிடாமல் எழுதினால் அந்தப் பெண்ணுக்குத்தான் துரோகம். கண்ணியமாக எழுதுகிறோம் என்று பத்திரிகைகள் வாயை மூடிக்கொண்டால் லாபம் ஆயத்துல்லாக்களுக்கு.

#17 மைமூன்

இதில் நான் உங்கள் பக்கம். மதத்தைச் சொல்லாதே என்று நான் எங்கே சொன்னேன்? சட்டத்தைச் சொல்லுங்கள், எழுதிய வருடத்தைச் சொல்லுங்கள், அமல்படுத்தும் போலீஸைச் சொல்லுங்கள். மஹ்சா அமினி விஷயத்தில் நன்றாக எழுதியவர்கள் அப்படித்தான் எழுதினார்கள். அவர் குர்து இனப் பெண் என்பது, சொந்த ஊர் சகேஸ், இறுதிச் சடங்கில் பெண்கள் துணியைக் கழற்றியது, 'பெண், வாழ்வு, சுதந்திரம்' என்ற முழக்கம் குர்து மொழியிலிருந்து வந்தது, எல்லாம் இருந்தது. படித்தால் ஒரு நாடு கண்ணில் தெரியும்.

மற்ற ரகச் செய்தியில் 'இஸ்லாத்துக்கு எதிராகப் பெண்கள் கிளர்ச்சி' என்று ஒரு வரி. அந்தக் கூட்டத்தில் தலைத்துணியோடு நின்று, கட்டாயப்படுத்தாதே என்று கத்திய பெண்களை அந்த ஒரு வரியில் எங்கே நிறுத்துவீர்கள்? ஈரான் என்று வந்தாலே மேற்கத்தியப் பத்திரிகைகளுக்கு 1979-ல் டெஹ்ரான் அமெரிக்கத் தூதரகத்தில் தொடங்கிய பணயக்கைதி நாட்கள் ஞாபகம் வந்துவிடும். 52 பேர், 444 நாள், தினமும் தாடியும் முஷ்டியும் படமாக வந்த காலம். அறிஞர் எட்வர்ட் சையித் அதை வைத்தே 1981-ல் தனிப் புத்தகம் எழுதினார். நாற்பது வருடம் கழித்தும் படத்தில் இருக்கும் ஆள்தான் மாறியிருக்கிறார்.

'நல்ல முஸ்லிம்' செய்தியும் எனக்கு ஒவ்வாது, சொல்லிவிடுகிறேன். 2015 ஜனவரியில் பாரிஸ் யூதக் கடை ஒன்றில் நடந்த தாக்குதலின்போது வாடிக்கையாளர்களைக் கீழ்த்தளக் குளிர் அறையில் ஒளித்து வைத்தவர் லசானா பாத்திலி, மாலி நாட்டில் பிறந்தவர், அந்தக் கடையில் வேலை பார்த்தவர். பிரான்ஸ் குடியுரிமையே கொடுத்தது. எல்லாப் பத்திரிகையிலும் 'யூதர்களைக் காப்பாற்றிய முஸ்லிம்'. அவரே, நான் யூதர்களை ஒளித்து வைக்கவில்லை, மனிதர்களை ஒளித்து வைத்தேன் என்ற கருத்தில்தான் பேசினார். வேலையாள் ஒருவர் வாடிக்கையாளரைக் காப்பாற்றினார் என்று எழுதினால் செய்தி செத்தா போய்விடும்? கெட்டது செய்தாலும் மதத்தால், நல்லது செய்தாலும் மதத்தை மீறி.

#18 ஓரக்கண்

2024 டிசம்பர், ஜெர்மனியின் மாக்டபுர்க் கிறிஸ்துமஸ் சந்தை. கூட்டத்துக்குள் காரை விட்டவன் சவுதியில் பிறந்தவன் என்று தெரிந்த உடனே பாதிப் பேர் எழுதி முடித்துவிட்டார்கள். ஆள் இஸ்லாத்தை விட்டு வெளியேறி, இஸ்லாத்தைத் திட்டி வருடக்கணக்கில் பதிவு போட்டுக்கொண்டிருந்த டாக்டர். அந்த ஒருநாள் குழப்பத்தைப் பார்க்க வேண்டுமே. எந்தப் பெட்டியிலும் அடங்கவில்லை, சீக்கிரமே முதல் பக்கத்தை விட்டு இறங்கிவிட்டான்.

#19 வரிக்குவரி

இரவுஷிப்ட் அண்ணே, ஒரு கேள்வி. இவ்வளவும் தெரிந்த நீங்கள் இப்போது தலைப்பு எப்படிப் போடுகிறீர்கள்? தத்துவம் வேண்டாம், செய்முறை வேண்டும்.

#20 இரவுஷிப்ட்

செய்முறை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அமைப்பின் பெயர் தெரிந்தால் அந்தப் பெயரையே போடுகிறேன், 'இஸ்லாமிய தீவிரவாதிகள்' என்று பொதுவாக எழுதுவதில்லை. நைஜீரியாவின் போகோ ஹராம் என்றால் போகோ ஹராம், சோமாலியாவின் அல்-ஷபாப் என்றால் அல்-ஷபாப். பெயர் நீளம் குறைவு, காலத்திலும் அடங்குகிறது, நம்பினால் நம்புங்கள். பெயர் தெரியாவிட்டால் 'ஆயுதக்குழு'. பொறுப்பேற்கும் அறிக்கை வராதவரை பின்னணிப் பெட்டி கிடையாது என்று லே-அவுட் பையனிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அந்த இடத்துக்கு மருத்துவமனை வாசல் படம் ஒன்றைப் பெரிதாக்கச் சொல்வேன். 'பலி' போட்டால் பக்கத்தில் எழுவாய் வேண்டும். இதில் தினமும் தோற்கிறேன், எட்டு எழுத்து அதிகமாகிவிடும்.

நேற்று இரவு ஓர் ஏஜென்சிக் காப்பி வந்தது. 'இஸ்லாமிஸ்ட் மிலிட்டன்ட்ஸ்' என்று லீடிலேயே (முதல் பத்தியிலேயே) இருந்தது, அமைப்பின் பெயர் மூன்றாம் பத்தியில். பெயரை மேலே தூக்கி, அந்த இரண்டு சொல்லையும் எடுத்துவிட்டுப் பக்கத்தை அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனேன். காலையில் பேப்பரைப் பிரித்தால் தலைப்பு நான் போட்டபடியே இருக்கிறது. ஆனால் இணையப் பதிப்புக்காரர்கள், தேடலில் மேலே வர வேண்டும் என்று, 'இஸ்லாமிய தீவிரவாதிகள் வெறிச்செயல்' என்று மாற்றியிருக்கிறார்கள். அந்தப் பிரிவில் யாரிடம் பேசுவது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

#21 சொல்வேட்டை

படத்துக்கு என்ன போட்டிருக்கிறார்கள்?

#22 இரவுஷிப்ட்

முதுகுகள்.